பத்தாவியாவில் உதுமானியத் துணைத் தூதரகம்

இன்றைய ஜகார்த்தா, டச்சுக்காரர் ஆட்சியில் பத்தாவியா என வழங்கப்பட்டது. அந்நகரில் 1883ஆம் ஆண்டு உதுமானியப் பேரரசு தனது துணைத் தூதரகத்தை நிறுவியது. படையோ பீரங்கியோ இல்லாத அச்சிறு அலுவலகம், ஜாவாவை ஆண்ட வல்லரசைக் கலங்கச் செய்தது ஏன்?

முதற்காரணம் ஆச்சே. சுமத்ராவின் வடமுனையிலிருந்த அந்தச் சுல்தானகத்தின் மீது 1873இல் டச்சுக்காரர் போர் தொடுத்தனர். ஆச்சேயின் தூதராக ஹபீப் அப்துர் ரஹ்மான் அல்ஸாஹிர் இஸ்தான்புல் சென்று உதவி கோரினார். உதுமானிய அரசு சமரசம் பேச முன்வந்ததேயன்றிப் படை அனுப்பவில்லை; டச்சுக்காரர் அச்சமரசத்தையும் ஏற்கவில்லை. ஆயினும் மக்கள் உள்ளத்தில் கலீஃபாவின் பெயருக்கிருந்த மதிப்பை அவர்கள் அறிந்துகொண்டனர்.

இரண்டாவது காரணம், ஹள்ரமவ்த்திலிருந்து வந்து குடியேறிய அரபு வணிகர்களின் மனக்குறை. 'அயல்நாட்டுக் கீழைத்தேயத்தார்' என வகைப்படுத்தப்பட்ட அவர்கள் ஒதுக்கப்பட்ட பகுதிகளிலேயே வசிக்க வேண்டியிருந்தது. வெளியூர் செல்ல அனுமதிச் சீட்டும் பெறவேண்டும். இக்கட்டுப்பாடுகளால் வணிகம் நலிந்தது. தங்களை உதுமானியக் குடிமக்களாகக் கருதி ஐரோப்பியருக்கு நிகரான உரிமை வழங்குமாறு அவர்கள் கோரினர். ஹள்ரமவ்த்தில் உதுமானிய ஆட்சி நடைமுறையில் இல்லை எனக் கூறி டச்சு அரசு மறுத்தது.

1897இல் துணைத் தூதராகப் பொறுப்பேற்ற மெஹ்மத் காமில் பே இக்குறைகளைக் கையிலெடுத்தார். மார்க்க வழிபாட்டில் தலையிடலாகாது, ஆனால் வெளிநாட்டுத் தொடர்புடைய இஸ்லாமிய அரசியலை முளையிலேயே தடுக்க வேண்டும் என்பது அரசு ஆலோசகர் ஸ்னூக் ஹுர்க்ரோன்யேயின் கொள்கை. டச்சு அரசின் வற்புறுத்தலால் 1899இல் காமில் பே திரும்ப அழைக்கப்பட்டார். அதே ஆண்டில் ஜப்பானியருக்கு ஐரோப்பியருக்கு நிகரான சட்டத் தகுதி அளிக்கப்பட்டது! வலிமை பெற்று எழுந்த நாட்டின் கோரிக்கை ஏற்கப்பட்டது. தளர்ந்துவந்த பேரரசின் கோரிக்கை தள்ளப்பட்டது.

இதில் மற்றொரு முரண்பாடும் உண்டு. ஜாவா ஹாஜிகளைக் கண்காணிக்க டச்சுக்காரர் 1872இலேயே ஜித்தாவில் துணைத் தூதரகம் திறந்திருந்தனர். பிறர் மண்ணில் தாம் செய்ததையே, தம் ஆளுகைக்குட்பட்ட மண்ணில் பிறர் செய்தபோது அஞ்சினர். குறை கேட்க ஓர் ஆள் வந்துவிட்டாரே என்பதே அவர்களது அச்சம். குறையைக் களைந்திருந்தால் அந்த அச்சத்திற்கே இடமிருந்திராது.

தூதர் சென்ற பின்னும் மனக்குறை மறையவில்லை. பத்தாவியா அரபு மக்கள் தாமே ஒன்றுகூடி அமைத்த 'ஜமிய்யத் கைர்' சங்கம் 1905இல் அரசின் அங்கீகாரம் பெற்று, பள்ளிக்கூடம் நடத்திக் கல்விப் பணியாற்றியது. தொலைவிலிருந்த பேரரசால் பெற்றுத்தர இயலாத தன்னம்பிக்கையை, ஒன்றுபட்ட ஒரு சமுதாயம் தன் உழைப்பால் தேடிக்கொண்டது. பத்தாவியா வரலாறு நமக்குத் தரும் படிப்பினை இதுவேயாகும்.