போடிநாயக்கனூர்ப் பாளையக்காரர் வம்சாவளி

தேனி மாவட்டத்தில், ஏலமலைச் சரிவின் அடிவாரத்தில் உள்ள போடிநாயக்கனூரை ஆண்ட கம்பளத்து நாயக்கர் குடும்பத்தின் தலைமுறை வரிசை. மதுரையில் விசுவநாத நாயக்கர் (1529–1564) காலத்தில் வகுக்கப்பட்டதாகச் சொல்லப்படும் 72 பாளையங்களில் போடியும் ஒன்று.

குடும்ப மரபுப்படி முதல்வர் சக்கு நாயக்கர், சுல்தானியப் படைக்கு அஞ்சி 1336இல் ஆந்திரத்துக் குத்தியிலிருந்து தெற்கே வந்தவர். விஜயநகரம் தோன்றியதாக மரபு சொல்லும் ஆண்டும் அதுவே. பேரரசின் பிறப்போடு தங்கள் குலத்தின் புறப்பாட்டையும் சேர்த்துக் கட்டிய கணக்கு இது என்றே கொள்ளவேண்டும். அதனால் அதன் மதிப்பு குறைந்துவிடாது.

பாளையக்காரர் வம்சாவளிகள் பிறப்பு இறப்புப் பதிவுகள் அல்ல. இன்னார் இன்ன அரசருக்குப் போரிலோ வேட்டையிலோ துணை நின்றார், அதற்காக இன்ன விருதும் ஊரும் பட்டமும் பெற்றார் என்பதே அவற்றின் நடை. ஆண்டுகளை நம்பிப் படிப்பவர் ஏமாறுவார். எந்த உரிமை யார் கையால் கிடைத்ததாக அந்தக் குடும்பம் சொல்லிக்கொண்டது என்று படிப்பவருக்கே அவை பயன்படும். திண்டுக்கல் சீமை 1755இல் ஹைதர் அலியின் பொறுப்புக்கு வந்து, 1792 உடன்படிக்கையால் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியிடம் போனபின், பழைய உரிமையைப் புதிய அதிகாரிக்கு மெய்ப்பிக்கும் தேவை கூடியது. கும்பினி அதிகாரி காலின் மெக்கன்சியின் ஆட்கள் பாளையந்தோறும் திரட்டிய கைபீதுகள் என்னும் ஊர் வரலாறுகளும் வம்சாவளிகளும் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் உள்ளன.

வம்சாவளியால் உரிமையை நிறுவும் இதே வேலையை ஐரோப்பியப் பிரபுக்களும் செய்தார்கள். ஃபிளாண்டர்ஸ் கவுண்ட் ஆர்னுல்ஃபுக்காக விட்கர் என்பவர் 10ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுதிய வம்சாவளி, ஆர்னுல்ஃபைச் சார்லமேன் குலத்தோடு இணைத்தது. ஆஞ்சு கவுண்ட் நான்காம் ஃபுல்க் 1096இல் எழுதிய வரலாற்றில், முதல் கவுண்டுகள் எங்கே புதைக்கப்பட்டார்கள் என்பதுகூடத் தனக்குத் தெரியாது என்கிறார். அத்தகைய வெளிப்படையான பேச்சு நம் பாளைய ஏடுகளில் அரிது.

போடிக்கு அப்பால், ஏலமலையின் மேற்குச் சரிவிலும் இதே கதைதான். பூஞ்ஞாறு அரச குடும்பம் தன்னை மதுரைப் பாண்டியர் வழியாகச் சொல்லிக்கொண்டது. கண்ணன் தேவன் மலையை 1877இல் ஜான் டேனியல் மன்றோவுக்குக் குத்தகைக்கு எழுதிக்கொடுத்தவர் அந்தக் குடும்பத்து அரசரே. ஏட்டிலிருந்த பரம்பரை அங்கே நிலப்பத்திரமாயிற்று.

பாளைய ஏடுகளின் பெருங்குறை, பெண்கள் இல்லாமை. மகளும் மனைவியும் பெயரோடு தெளிவாகத் தெரிவது வாரிசு வழக்குகளில்தான். சிவகங்கை ஜமீன் வழக்கில் 1863இல் லண்டன் பிரிவி கவுன்சில், ஜமீன்தாரின் சொந்தச் சம்பாத்தியம் என்ற அடிப்படையில் மகள் காத்தம நாச்சியாருக்குத் தீர்ப்பளித்தது. தென்பாண்டிச் சீமையின் ஜமீன் குடும்பங்களை ஆராய்பவர் வம்சாவளிக்குப் பக்கத்திலேயே வழக்குக் கட்டுகளையும் விரித்து வைத்துக்கொள்ள வேண்டும்.