மாற்கு நற்செய்தியின் கருப்பொருள்கள்: சொற்களின் வழியே ஒரு வாசிப்பு

தொன்மையான சமய நூலொன்றின் கருத்துகளைப் பட்டியலிட்டு உரைப்பது எளிது. அக்கருத்துகள் எச்சொற்களால், எவ்விடங்களில், எவ்வரிசையில் வைக்கப்பட்டுள்ளன என நோக்குவது மொழியியலாரின் வழி. இவ்வுரையில் மாற்கு நற்செய்தியை அவ்வழியே அணுகுவோம்.

புதிய ஏற்பாட்டின் நான்கு நற்செய்தி நூல்களுள் இது மிகச் சிறியது. காலத்தால் முந்தியது என்பது பெரும்பாலான ஆய்வாளரின் முடிபு. கி.பி. 66இல் யூதேயாவில் உரோமை ஆட்சிக்கு எதிராகக் கிளர்ச்சி மூண்டது. 70இல் எருசலேம் கோவில் அழிக்கப்பட்டது. அவ்வாண்டை ஒட்டியே இந்நூல் எழுந்ததாகக் கொள்வர். ஆசிரியர் தம் பெயரை நூலினுள் குறிக்கவில்லை. பேதுருவின் மொழிபெயர்ப்பாளரான மாற்கு இதனை எழுதினார் என்னும் செய்தி, இரண்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்த பாப்பியாவின் கூற்றாக யூசேபியுவின் திருச்சபை வரலாற்றில் இடம்பெறுகிறது. நூலின் மொழி கொய்னே எனப்படும் பொதுவழக்குக் கிரேக்கம். யூதரின் கைகழுவும் வழக்கத்தை ஆசிரியர் விளக்கிச் செல்வதால், அவ்வழக்கம் அறியாதோரும் வாசகருள் இருந்தனர் எனத் துணியலாம்.

அவ்வாசகர் முன் நின்ற வினா கடுமையானது. சிலுவை, உரோமை அரசு அடிமைகளுக்கும் கிளர்ச்சியாளருக்கும் விதித்த இழிவான தண்டனை. அத்தண்டனைக்கு உள்ளான ஒருவரை மெசியா, அதாவது அருள்பொழிவு பெற்ற அரசர், என்று எவ்வாறு அறிவிப்பது? இந்நூலின் கருப்பொருள்கள் யாவும் இவ்வினாவைச் சுற்றியே அமைகின்றன.

நூலின் முதல் தொடரிலேயே ‘எவாங்கெலியோன்’ என்னும் சொல் வருகிறது. இதனையே தமிழில் சுவிசேஷம் என்றும் நற்செய்தி என்றும் வழங்குகிறோம். இச்சொல்லுக்கு அரசியல் சார்ந்த ஒரு வழக்கும் இருந்தது. சிற்றாசியாவின் பிரியேனே நகரில் கிடைத்த கி.மு. 9ஆம் ஆண்டுக் கல்வெட்டு, அகுஸ்து பேரரசர் பிறந்த நாளை உலகுக்கு நற்செய்திகளின் தொடக்கம் எனப் போற்றுகையில் இச்சொல்லின் பன்மை வடிவத்தை ஆள்கிறது. பேரரசரின் புகழுக்குப் பயன்பட்ட சொல்லை, அப்பேரரசால் கொல்லப்பட்டவரின் வரலாற்றுக்குத் தொடக்கமாக வைக்கிறார் மாற்கு.

முதற் கருப்பொருள் மறைப்பு. இயேசு யார் என்பதைத் தீய ஆவிகள் அறிந்து கூவுகின்றன. அவர் அவற்றை வாய்மூடச் செய்கிறார். நோய் நீங்கியோர் பலரையும் இதனை வெளியிட வேண்டா எனப் பணிக்கிறார். பேதுரு அவரை மெசியா என அறிக்கையிட்டபோதும் அதே கட்டளைதான். ஜெர்மானிய அறிஞர் வில்லியம் விரேதே 1901இல் வெளியிட்ட நூலில் இதனை ‘மெசியா மறைபொருள்’ எனப் பெயரிட்டு ஆராய்ந்தார். அவர் தந்த விளக்கத்தைப் பின்வந்தோர் பலர் ஏற்கவில்லை. அவர் சுட்டிய சிக்கலை யாரும் புறக்கணிக்க இயலவில்லை. நூலின் போக்கை நோக்கின் ஒன்று புலனாகிறது: பாடுகளை நீக்கிவிட்டுப் பட்டத்தை மட்டும் அறிவிக்கும் எவரையும் இந்நூல் பேசவிடுவதில்லை.

இரண்டாம் கருப்பொருள் வழி. ‘ஹொதோஸ்’ என்னும் கிரேக்கச் சொல் சாலையையும் வாழ்க்கை நெறியையும் குறிக்கும். நம் ‘நெறி’ என்னும் சொல்லுக்கும் இவ்விரு பொருளும் உண்டு. எட்டாம் அதிகாரத்தின் நடுப்பகுதி முதல் பத்தாம் அதிகார இறுதி வரை இச்சொல் மீண்டும் மீண்டும் வருகிறது. அப்பகுதியில் இயேசு தம் சாவை மும்முறை முன்னறிவிக்கிறார். மும்முறையும் சீடர் தவறாகவே புரிந்துகொள்கின்றனர். முதல்முறை பேதுரு அவரைக் கடிந்துகொள்கிறார். இரண்டாம் முறை, தம்முள் பெரியவர் யார் எனச் சீடர் வாதிடுகின்றனர். மூன்றாம் முறை யாக்கோபும் யோவானும் வலப்புற, இடப்புற இருக்கைகளை வேண்டுகின்றனர். இப்பகுதியின் இரு எல்லைகளிலும் பார்வையற்றோர் இருவர் நலம்பெறும் நிகழ்ச்சிகள் உள்ளன. பெத்சாயிதாவில் ஒருவர் முதலில் மங்கலாகவும் பின்னரே தெளிவாகவும் காண்கிறார். சீடரின் அரைகுறைப் பார்வையும் அத்தகையதே. இறுதியில் வழியோரம் அமர்ந்து இரந்த பர்த்திமேயு, பார்வை பெற்று அவ்வழியிலேயே பின்தொடர்கிறார். வழியோரத்திலிருந்து வழிக்கு வந்த அவர், சீடத்துவத்தின் உருவமாகிறார்.

மூன்றாம் கருப்பொருள் சிலுவை. ‘உடனே’ எனப் பொருள்படும் ‘எவுதூஸ்’ என்னும் சொல் நூலில் ஏறத்தாழ 40 இடங்களில் வந்து கதையை விரைந்து செலுத்துகிறது. எருசலேமை அடைந்ததும் அவ்விரைவு தணிகிறது. 16 அதிகாரங்களில் ஆறு, அந்நகரில் கழிந்த இறுதி நாள்களுக்கே உரியவை. கெத்சமனித் தோட்டத்து மன்றாட்டில் ‘அப்பா’ என்னும் அரமேயச் சொல்லை அவ்வாறே வைத்து, உடன் கிரேக்கப் பொருளும் தருகிறார் மாற்கு. தமிழ் மாணவர் இதனைக் கண்டு இருமொழிக்கும் உறவு கற்பித்தல் கூடாது. குழந்தையின் வாய்க்கு எளிய இதழொலிகளால் பெற்றோர் பெயர்கள் அமைவது பல மொழிக்குடும்பங்களிலும் காணப்படுவதே என ரோமன் யாக்கப்சன் விளக்கியுள்ளார்.

‘ஸ்கிசோ’ என்னும் வினை கிழித்தலைக் குறிக்கும். மாற்கு இதனை இரண்டே இடங்களில் ஆள்கிறார்: திருமுழுக்கின்போது வானம் கிழிகிறது, சாவின்போது கோவில் திரை கிழிகிறது. திருமுழுக்கு நிகழ்ச்சியில் மத்தேயுவும் லூக்காவும் ‘திறத்தல்’ என்னும் வினையைக் கொண்டனர். மாற்கு வைத்த இணைப்பு அங்கே மறைந்துவிடுகிறது. முதற் கிழிப்பை அடுத்து வானிலிருந்து ஒரு குரல் அவரை மகன் என அழைக்கிறது. இரண்டாவதை அடுத்து அவரை இறைமகன் எனச் சொல்பவர், தண்டனையை நிறைவேற்றிய உரோமை நூற்றுவர் தலைவர். இந்நூலில் அவ்வாறு உரைக்கும் முதல் மனிதர் அவரே. மறைபொருள் சிலுவையின் அடியில்தான் வெளிப்படுகிறது.

நான்காவது மௌனம். நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய், வத்திக்கான் சுவடிகள் இரண்டிலும் இந்நூல் 16ஆம் அதிகாரத்தின் எட்டாம் வசனத்தோடு முடிகிறது. வெறுங்கல்லறையைக் கண்ட பெண்கள் அஞ்சி ஓடி, எவரிடமும் ஒன்றும் கூறவில்லை. இறுதிச் சொல் ‘கார்’. ‘ஏனெனில்’ என்பது அதன் பொருள். அவ்விடைச்சொல் கிரேக்கத்தில் தொடரின் முதலில் வாராது. ஆகவே இருசொல் தொடரில் அது இறுதியில் நிற்பது இலக்கணத்திற்கு முரணன்று. ஆயினும் ஒரு நூல் அவ்வாறு முடிவது வியப்பே. பிற்கால எழுத்தர் இதனைத் தாங்கவில்லை; இன்று நாம் காணும் 12 வசன நீள்முடிவு இரண்டாம் நூற்றாண்டிலேயே வழக்கிலிருந்தது. அதன் சொல்லாட்சி நூலின் பிறபகுதியோடு ஒத்துவரவில்லை.

நூல் முழுவதும் பேச வேண்டா எனத் தடுக்கப்பட்டோர் பேசினர்; இறுதியில் சென்று கூறுமாறு பணிக்கப்பட்டோர் மௌனமாயினர். இம்முரண் எதிர்பாரா விபத்தா, ஆசிரியரின் திட்டமா என அறிஞர் இன்றும் வாதிடுகின்றனர். எவ்வாறாயினும், சீடர் ஓடிய பின்பும் பெண்கள் வாய்மூடிய பின்பும் கதை முழுவதையும் அறிந்து எஞ்சி நிற்பவர் வாசகர் ஒருவரே. வகுப்பறையில் இந்நூலைக் கற்பிப்போர் அம்முடிவை அவசரமாக நிரப்பாமல், அடுத்துப் பேச வேண்டியவர் யார் என மாணவரையே வினவுதல் நன்று.