ஓடுபாதைக்குக் கீழே ஓர் ஊர்

அம்மா முதன்முறை லண்டன் வந்து இறங்கிய அன்று, காரில் ஏறி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கண்ணாடி வழியே ஹீத்ரோவின் நீண்ட வேலியைப் பார்த்துக்கொண்டு வந்தவர், “தம்பி, இது முந்தி ஆற்றை காணி?” என்று கேட்டார்.

எங்கள் ஊர் வலிகாமம் வடக்கில், பலாலி விமானத்தளத்துக்குப் பக்கம். 1990 ஜூனில் வெளிக்கிட்டபோது எனக்கு ஒன்பது வயது. விமானத்தளத்தைக் கண்டதும் அம்மாவுக்கு அந்தக் கேள்விதான் வரும். பதில் எனக்குத் தெரியவில்லை. இந்த நாட்டில் முதுகலை படித்து, ஒப்பந்த வேலைகளுக்காக எத்தனையோ தடவை அந்த விமான நிலையத்தால் போய் வந்தவன் நான். ஒரு தடவைகூட யோசித்ததில்லை.

பிறகு தேடிப் படித்தேன். ஹீத்ரோ என்பதே ஓர் ஊரின் பெயர். ஹவுன்ஸ்லோ ஹீத் என்ற பெரிய புதர்வெளியின் ஓரத்தில் வரிசையாக இருந்த வீடுகள், அதனால் ‘ஹீத் ரோ’. ஏறத்தாழ 1410ஆம் ஆண்டுப் பதிவிலேயே பெயர் இருக்கிறது. அது ஹார்மண்ட்ஸ்வர்த் என்ற தாய்க்கிராமத்தைச் சேர்ந்த சிற்றூர். ஹார்மண்ட்ஸ்வர்த் இன்னும் பழையது. 1086இல் எடுத்த டூம்ஸ்டே கணக்கில் உண்டு. 1426இல் அங்கே கட்டத் தொடங்கிய தானியக் களஞ்சியம், அறுபது மீட்டருக்குச் சற்றுக் குறைந்த நீளத்தில், ஓக் மரத் தூண்களோடு இன்றும் நிற்கிறது. கிராமமும் களஞ்சியமும் அப்போது வின்செஸ்டர் கல்லூரியின் சொத்து. விளைவித்தவன் ஒருவன், களஞ்சியத்துக்குச் சொந்தக்காரன் வேறொருவன். அது நமக்குப் புதிய கதையல்ல.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பொது மேய்ச்சல் நிலங்களை வேலியடைத்துப் பங்கிட்டார்கள். அதன் பிறகு லண்டன் வளர வளர, இந்த ஊர்களும் மாறின. கோதுமை வயல்கள் மரக்கறித் தோட்டங்களும் பழத்தோட்டங்களும் ஆயின. அங்குள்ள மண் செங்கல் அறுக்கவும் உதவும், மரக்கறிக்கும் உகந்த வண்டல். நம்முடைய செம்பாட்டு மண்ணைப் போல, பசளை போட்டால் போட்டதற்கு மேலே தரும். தோட்டக்காரர்கள் இரவோடு இரவாகக் குதிரை வண்டியில் பதினைந்து மைல் போய், விடியும்போது கவன்ட் கார்டன் சந்தையில் மரக்கறி இறக்குவார்கள். திரும்பும் வண்டியில் லண்டன் லாயங்களின் குதிரைச் சாணம் வரும். நகரம் தின்றது, அதன் கழிவு ஊரை விளைவித்தது. சுன்னாகம் சந்தைக்கு விடியப்புறம் சைக்கிளில் வெங்காயம் கட்டிப் போன என் தாத்தாவுக்கு இதை விளக்கவே தேவையிருந்திருக்காது.

இடையில் ஒரு சிறு செய்தி. 1784இல் ஜெனரல் வில்லியம் ராய் இங்கிலாந்தைத் துல்லியமாக அளப்பதற்கான அடிக்கோட்டை இந்த ஹீத்ரோவிலிருந்துதான் ஹாம்ப்டன் வரை, ஐந்து மைலுக்குச் சற்றுக் கூடுதலாக, இழுத்தார். நுனியில் செங்குத்தாகப் புதைத்த பீரங்கி இன்றும் விமான நிலையத்தின் வடக்கு வீதியோரம் இருக்கிறது. 18 ஆண்டுகள் கழித்து, 1802இல், லாம்ப்டன் அதே மாதிரியான வேலையைச் சென்னைப் பரங்கிமலையில் தொடங்கினார். பரங்கிமலைக்குப் பக்கத்திலும் இன்று விமான நிலையம்தான். அளப்பவனுக்கும் விமானிக்கும் மட்டமான தரை பிடிக்கும்.

1930இல் ரிச்சர்ட் ஃபேரி என்ற விமானத் தயாரிப்பாளர் ஹார்மண்ட்ஸ்வர்த் பாதிரியாரிடம் 150 ஏக்கர் வாங்கிச் சோதனைத் தளம் அமைத்தார். ஊருக்கு அது பெரிய பாதிப்பில்லை. அடி விழுந்தது 1944இல். போர்க்காலப் பாதுகாப்பு விதிகளின் கீழ் விமான அமைச்சு ஊர் முழுவதையும் எடுத்தது. ஜப்பானுடனான போருக்கு நீண்டதூர விமானங்கள் வேண்டும் என்று காரணம் சொன்னார்கள். பல தலைமுறைத் தோட்டங்களும் வீடுகளும் இடிபட்டன. அவசர அவசரமாக அகழ்ந்த தொல்லியலாளர் கிரைம்ஸ், இரும்புக்காலக் கோயில் ஒன்றின் அடித்தளத்தைக் கண்டார். அதுவும் ஓடுபாதைக்குக் கீழே போனது.

1946 ஜனவரி 1இல் அங்கிருந்து புறப்பட்ட முதல் பயணிகள் விமானம் போனது போருக்கல்ல, புவனஸ் அயர்ஸுக்கு. 1944 வரை விமானத்துறை இளநிலை அமைச்சராக இருந்த ஹரோல்ட் பால்ஃபர் 1973இல் எழுதிய தன்வரலாற்றில் உண்மையை ஒப்புக்கொண்டார். ஆரம்பத்திலிருந்தே குறி பயணிகள் விமான நிலையம்தான். பகிரங்க விசாரணை நடந்தால் காலம் இழுபடும் என்பதால் போர் விதியைப் பயன்படுத்தினார்கள், அமைச்சரவையையே ஏமாற்றினார்கள். அந்தப் பகுதியைப் படித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. ‘பாதுகாப்பு’ என்ற சொல்லை நான் சிறுவயதில் முதலில் படித்தது ஒரு முட்கம்பி வேலிப் பலகையில்.

தாய்க்கிராமம் தப்பியது, அரைகுறையாக. வடக்கே விரிக்கும் முதல் திட்டத்தை 1952இல் கைவிட்டார்கள். மூன்றாவது ஓடுபாதை என்று அது மறுபடி வந்தது. 2018இல் நாடாளுமன்றம் ஆதரித்த திட்டத்தின்படி லாங்ஃபோர்டு முழுவதும், ஹார்மண்ட்ஸ்வர்த்தின் பெரும்பகுதியும் போகும். களஞ்சியம் வேலிக்கு வெளியே தனியாக நிற்கும். 2025 ஜனவரியில் அரசு மறுபடியும் பச்சைக்கொடி காட்டியது.

அந்தக் கோடையில், களஞ்சியம் திறந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மாவை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். தூண்களைத் தடவிப் பார்த்தார். வெளியே வந்து, ஒரு வீட்டு வளவில் நின்ற அவரைப் பந்தலைக் கன நேரம் பார்த்தார். பழைய கேள்விக்குப் பதிலாக நான் கதை முழுவதையும் சொன்னேன்.

“நட்டஈடு குடுத்தவங்களோ?”

“ஃபேரி கொம்பனிக்கே 1964இலதானம்மா வழக்கு முடிஞ்சது.”

விரலில் எண்ணினார். “இருவது வருசம்.” பிறகு மேலே போன விமானத்தின் சத்தம் அடங்கும்வரை பொறுத்திருந்து, “எங்களுக்கு முப்பத்தஞ்சு” என்றார்.