மினசோட்டாவின் காந்த நாடாக்கள்

நெய்க்குப் பதில் சூரியகாந்தி எண்ணெய் என்று நாம் கேட்டு வளர்ந்த அறிவுரைக்கு அடியில் ஒரு கணக்கு இருக்கிறது. நிறைவுற்ற கொழுப்பைக் குறைத்து, அந்த இடத்தில் லினோலெயிக் அமிலம் அதிகமுள்ள எண்ணெயைச் சேர்த்தால் ரத்தத்தில் கொலஸ்டிரால் இறங்கும். 1950களிலேயே அமெரிக்காவின் ஆன்செல் கீஸ் இதற்கு ஒரு சமன்பாடு போட்டுவிட்டார். அது சரியான சமன்பாடுதான். ஆனால் கொலஸ்டிரால் இறங்கினால் சாவும் குறையுமா? அது வேற கேள்வி.

அதற்குப் பதில் தேட 1968-ல் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஐவன் ஃப்ரான்ட்ஸ் ஓர் ஆய்வு தொடங்கினார். கீஸும் அதில் பங்காளி. ஆறு அரசு மனநல மருத்துவமனைகள், ஒரு முதியோர் இல்லம், ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். ஏன் அங்கே? வீட்டில் இருக்கிற ஆளிடம் "என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டு எழுதுவதை நம்பி ஆய்வு செய்ய முடியாது. இங்கே சமையலறையே ஆய்வாளர் கையில். (சாப்பிட்டவர்களிடம் ஒப்புதல் படிவம் எதுவும் வாங்கவில்லை. அந்தக் காலம் அப்படி. படிக்கும்போது எனக்கு இது உறுத்தியது.) ஒரு குழுவுக்கு வழக்கமான சாப்பாடு, கலோரியில் சுமார் 18% நிறைவுற்ற கொழுப்பு. இன்னொரு குழுவுக்கு மக்காச்சோள எண்ணெயும் அதில் செய்த மார்ஜரினும், நிறைவுற்றது 9% தான். யாருக்கு எது என்பது குலுக்கல் முறையில்.

சமன்பாடு சொன்னபடியே நடந்தது. எண்ணெய்க் குழுவின் சராசரிக் கொலஸ்டிரால் 207-லிருந்து 175 ஆனது. மற்ற குழுவில் 203. ஆனால் சாவு குறையவில்லை. 1973-ல் முடிந்த ஆய்வின் முக்கியக் கட்டுரை அச்சானது 1989-ல். பதினாறு வருஷம்! எதிர்பார்த்த விடை வராத ஆய்வு எப்படி மெதுவாக மேசை அடிக்குப் போகும் என்பது சாஃப்ட்வேர்க்காரர்களுக்கும் தெரியாததல்ல.

அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களைச் சேர்ந்த கிறிஸ்டோபர் ராம்ஸ்டன் இதைத் தோண்டினார். ஏற்கெனவே 1966–73ல் நடந்த சிட்னி ஆய்வின் பழைய தரவை மீட்டு, குசும்பப்பூ எண்ணெய் சாப்பிட்ட இதய நோயாளிகள் மற்றவர்களைவிட அதிகம் இறந்ததை 2013-ல் காட்டியவர் அவர். ஃப்ரான்ட்ஸ் அதற்குள் காலமாகிவிட்டார். மகன் ராபர்ட், பெற்றோர் வீட்டு நிலவறையில் தேடிப் பெட்டிகளை எடுத்துக் கொடுத்தார். உள்ளே காகிதங்களும் பழைய காந்த நாடாக்களும். அந்த நாடாவைப் படிக்கிற கருவியே இன்று சாதாரண அலுவலகத்தில் கிடையாது. தேடிப் பிடித்துத்தான் மாற்ற வேண்டும். 2016-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் முடிவு வந்தது: கொலஸ்டிரால் ஒவ்வொரு 30 மி.கி. இறங்கியபோதும் சாவு அபாயம் 22% கூடியிருந்தது.

உடனே "பார்த்தியா, நெய்தான் நல்லது" என்று கிளம்பக் கூடாது. அந்த 22% குலுக்கலின் விடை அல்ல. யாருக்குக் கொலஸ்டிரால் இறங்கியது என்று பார்த்துப் பின்னால் கணக்கிட்டது. நோய் முற்றியவர்களுக்கும் கொலஸ்டிரால் தானாக இறங்கும். தவிர, ஒருவர் அந்தச் சாப்பாட்டில் இருந்தது சராசரியாக 384 நாள்தான். ரத்தக்குழாய் அடைப்பு அவ்வளவு சீக்கிரம் மாறுகிற விஷயம் இல்லை. அப்புறம் அந்த மார்ஜரின். எண்ணெயில் ஹைட்ரஜன் ஏற்றிக் கட்டியாக்கும்போது டிரான்ஸ் கொழுப்பு உருவாகலாம், நம்ம டால்டா மாதிரி. அது எல்.டி.எல்.-ஐ ஏற்றி, எச்.டி.எல்.-ஐயும் இறக்கும் என்று நெதர்லாந்தின் மென்சிங்கும் கட்டானும் காட்டியதே 1990-ல்தான்.

எண்ணெய்களுக்குள் வித்தியாசம் இல்லாமலும் இல்லை. 2014-ல் வெளிவந்த சுவீடனின் உப்சாலா ஆய்வில் 39 ஒல்லி இளைஞர்களுக்கு ஏழு வாரம் மஃபின் கொடுத்தார்கள். பாதிப் பேருக்குப் பாமாயிலில், மீதிப் பேருக்குச் சூரியகாந்தியில். எடை இரண்டு பக்கமும் ஒரே அளவு, சுமார் ஒன்றரைக் கிலோ கூடியது. கல்லீரலிலும் வயிற்றுக்குள்ளும் கொழுப்பு அதிகம் சேர்ந்தது பாமாயில்காரர்களுக்கு.

ஆகவே மினசோட்டாவை வைத்து நான் நெய்க்கு விடுதலைப் பத்திரம் எழுத மாட்டேன். ஆனால் எழுபதுகளிலேயே இந்த முடிவு மேசைமேல் வந்திருந்தால், எந்த எண்ணெய், எந்த வடிவில் என்ற சண்டையை அப்போதே போட்டிருப்பார்கள். ராம்ஸ்டனுக்குக் கிடைத்த பிரேதப் பரிசோதனைக் கோப்புகள் 149 மட்டுமே. மீதி எந்த வீட்டுப் பரணில் கிடக்கிறதோ.