அம்மாக்களைக் காட்டி விற்ற திகில்

நல்ல நாவலுக்குத் தரும் மரியாதையைத் திகில் வீடியோ கேமுக்கும் தருகிறவன் நான். அதனால்தான் 2011 ஜனவரி இன்னும் உறுத்துகிறது. ‘டெட் ஸ்பேஸ் 2’ வெளியானபோது எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் 200க்கும் மேற்பட்ட பெண்களை அழைத்து, கேமின் கோரக் காட்சிகளைக் காட்டி, அவர்கள் அருவருத்து முகம் சுளிப்பதைப் படம்பிடித்து விளம்பரமாக்கியது. உன் அம்மாவுக்கு இது பிடிக்காது, ஆகவே வாங்கு என்பதுதான் அதன் சாரம். அமெரிக்காவில் 17 வயது நிரம்பியவர்களுக்கென்று சான்று பெற்ற கேம் அது. அம்மாவைச் சீண்டிப் பார்க்கும் வயதா அது? விளம்பரம் கண்ணடித்தது அதைவிடச் சின்னப் பையன்களைப் பார்த்து.

உள்ளே இருந்த கதையோ வேறு. காதலி நிக்கோலைப் பறிகொடுத்த பொறியாளர் ஐசக் கிளார்க், குற்றவுணர்வில் சித்தம் கலங்கிக் கிடக்கிறான். அவள் உருவம் கண்முன் தோன்றித் தோன்றி அவனை வதைக்கிறது. இந்தத் துக்கத்தைப் பற்றி விளம்பரத்தில் ஒரு சொல் இல்லை.

2013 ஜனவரியில் டீப் சில்வர் நிறுவனம் இன்னும் கீழே இறங்கியது. ‘டெட் ஐலண்ட்: ரிப்டைட்’ கேமின் சிறப்புப் பதிப்போடு, தலை துண்டிக்கப்பட்டு, பிகினி அணிந்து, ரத்தம் தோய்ந்த பெண்ணுடல் சிலையைத் தருவதாக அறிவித்தது. கண்டனம் எழுந்ததும் மன்னிப்புக் கேட்டது.

இத்தனைக்கும் 2001லேயே கொனாமியின் ‘சைலன்ட் ஹில் 2’ வந்துவிட்டது. இறந்துபோன மனைவியின் கடிதத்தில் தொடங்கி, ஒரு கணவனின் மனசாட்சிக்குள் இறங்கும் கதை. திகில் கேம்களை இதுவரை தொடாதவர்கள் அதிலிருந்து தொடங்குங்கள்.