480 நாள் கணக்கு: தமிழ்நாட்டின் நிரந்தரத் தகுதிச் சட்டமும் அம்பத்தூர் தொழிற்பேட்டையும்

24 மாதங்களுக்குள் 480 நாட்கள் தொடர்ந்து வேலை செய்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும். தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் (தொழிலாளர்களுக்கு நிரந்தரத் தகுதி வழங்குதல்) சட்டம், 1981 சொல்வது இவ்வளவுதான். மாதத்துக்குச் சராசரி 20 நாள். எம்.ஜி.ஆர். ஆட்சியில் வந்த இந்தச் சட்டத்தின் வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. ஆனாலும் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு வடக்கே கள்ளிக்குப்பம் போன்ற குடியிருப்புகளிலிருந்து வேலைக்குப் போகிறவர்களில் பலர் இன்றும் ‘டெம்பரவரி’, ‘கான்ட்ராக்ட்’, ‘டிரெய்னி’ என்ற பெயர்களிலேயே ஆண்டுகளைக் கழிக்கிறார்கள். சட்டம் எங்கிருந்து வந்தது, எங்கே நழுவியது என்பதைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வேலை நிலையாமை சென்னைக்குப் புதிதல்ல. 1918 ஏப்ரலில் தொழிற்சங்கத் தலைவர் வாடியாவின் தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியதற்குப் பின்னணியில் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களின் நீண்ட குமுறல் இருந்தது. ஆலைகளில் நிரந்தரத் தொழிலாளி வராத நாளில் மட்டும் அழைக்கப்படும் பதிலிகள் வாசலில் காத்துக் கிடந்த காலம் அது. 1946ஆம் ஆண்டின் நிலையாணைகள் சட்டம் நிரந்தரம், தற்காலிகம், தகுதிகாண், பதிலி என்று தொழிலாளரை வகைப்படுத்தி எழுதிவைக்கச் சொன்னது. வகை தெளிவானது, ஒரு வகையிலிருந்து இன்னொன்றுக்கு எப்போது ஏறலாம் என்பது தெளிவாகவில்லை.

அடுத்த படி 1953இல் தொழில் தகராறுகள் சட்டத்தில் சேர்க்கப்பட்ட ஆட்குறைப்பு அத்தியாயம். ஓராண்டில் 240 நாள் வேலை செய்தவரை முன்னறிவிப்பும் இழப்பீடும் இல்லாமல் வெளியேற்ற முடியாது என்றானது. இது வெளியே அனுப்பும்போது கிடைக்கும் பாதுகாப்பு. உள்ளே நிலைக்கும் உரிமையை இது தரவில்லை. 1981இன் சட்டம் அந்த 240ஐ இரட்டித்து, நாள் கணக்கை நிரந்தரத்துக்கான வாசலாக மாற்றியது. என் பார்வையில் தமிழ்நாட்டுத் தொழிலாளர் சட்ட வரலாற்றில் மிகத் துணிச்சலான அடி இதுதான். நோய், அனுமதிக்கப்பட்ட விடுப்பு, விபத்து, சட்டவிரோதமல்லாத வேலைநிறுத்தம் ஆகியவற்றால் ஏற்படும் இடைவெளி தொடர்ச்சியை முறிக்காது என்றும் அது சொன்னது. மகப்பேறு விடுப்பில் 12 வாரம் வரை வேலை நாளாகக் கணக்கிடப்படும். நாட்டின் மகப்பேறு விடுப்பு 2017இல் 26 வாரமாக உயர்ந்துவிட்டது. தையல் கூடங்களில் பெண்கள் நிறைந்த அம்பத்தூர்ப் பகுதியில் இந்த வித்தியாசம் சின்ன விஷயமல்ல.

சட்டத்தை எதிர்த்து முதலாளிகள் நீதிமன்றம் போனார்கள். திருமங்கலம் மெட்டல் பவுடர் நிறுவனத்தின் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 1985இல் தீர்ப்பளித்தது. நெல்லை காட்டன் மில்ஸ் வழக்கு 1990இல் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. சட்டம் நிலைத்தது.

ஆனால் அது யாருக்குப் பொருந்தும்? பருவகாலத் தொழில்களுக்கு இல்லை. 50 பேருக்குக் குறைவான நிறுவனங்களுக்கும் இல்லை. அம்பத்தூரின் தொழில் வரலாற்றோடு சேர்த்துப் பார்த்தால்தான் இந்த 50இன் கனம் புரியும். டி.ஐ. சைக்கிள்ஸ், டன்லப் போன்ற பெரிய ஆலைகள் முதலில் வந்தன. அங்கே சங்கம் இருந்தது, நிலையாணை இருந்தது. 1964இல் தொடங்கிய தொழிற்பேட்டையோ சிறுதொழிலுக்காகவே அமைக்கப்பட்டது. லேத் பட்டறை, பிரஸ் ஷாப், உதிரிபாகக் கூடம் என்று பத்து, இருபது பேர் வேலை செய்யும் இடங்கள் அங்கே ஏராளம். பாதுகாப்பு மிகவும் தேவைப்பட்டவர்கள் சட்டத்தின் வாசலுக்கு வெளியே நின்றார்கள்.

வாசலுக்கு உள்ளே இருந்தவர்களுக்கும் வழி எளிதாக இல்லை. 480ஐ நெருங்கும்போது ‘பிரேக்’ கொடுத்து, சில வாரம் கழித்து வேறு டோக்கன் எண்ணில் சேர்ப்பது ஒரு தந்திரம். ஒப்பந்ததாரர் பெயரில் ஆள் வைப்பது இன்னொன்று. 2001இல் ஸ்டீல் அத்தாரிட்டி வழக்கில் ஒப்பந்த முறை தடைசெய்யப்பட்டாலும் தொழிலாளர் தாமாகவே நிறுவன ஊழியராகிவிட மாட்டார்கள் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதன்பின் இந்த வழி இன்னும் அகன்றது. பயிற்சியாளர் என்ற பெயரில் முழு ஷிஃப்டு உற்பத்தி வேலை வாங்குவது மூன்றாவது.

இவை எல்லாவற்றிலும் வழக்கு வருகைப் பதிவேட்டில்தான் வந்து நிற்கிறது. நாள் கணக்கு தொழிலாளியின் உரிமை. அதை எழுதும் பேனா முதலாளியின் கையில். 240 நாள் வேலை செய்ததை நிரூபிக்கும் பொறுப்பு தொழிலாளிக்கே என்று 2002இல் ஹதிமானி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. சம்பளச் சீட்டோ நியமன ஆணையோ கையில் இல்லாதவர் எதைக் காட்டுவார்? 2005இல் எல்லாட்டி வழக்கில் அந்தக் கடுமை சற்றுத் தளர்ந்தது: தொழிலாளி கூண்டேறிச் சாட்சி சொன்ன பிறகு, பதிவேட்டைக் கொண்டுவரும்படி நிர்வாகத்தைக் கேட்கலாம். 2006இன் உமாதேவி தீர்ப்பு அரசுப் பணிகளில் பின்வாசல் நிரந்தரத்தைத் தடுத்தது. அதைத் தனியார் ஆலைக்கும் நீட்டிப் பேசும் மேலாளர்கள் உண்டு. அது தவறான வாசிப்பு. அரசமைப்பின் சமவாய்ப்பு விதியை வைத்து எழுந்த தீர்ப்பு அது.

2025 நவம்பர் 21இல் நான்கு மத்தியத் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. குறித்த கால வேலைமுறை இப்போது சட்ட அங்கீகாரம் பெற்றுள்ளது. அத்தகையவருக்கு ஓராண்டிலேயே பணிக்கொடை உரிமையும் உண்டு. அவற்றில் ஒன்றான தொழில் உறவுகள் தொகுப்பு நீக்கிய மூன்று சட்டங்களும் மத்தியச் சட்டங்கள். 1981இன் மாநிலச் சட்டத்தின் பெயர் அதில் இல்லை. ஆகவே மத்தியத் தொகுப்பு வந்துவிட்டதால் 480 நாள் கணக்கு முடிந்தது என்று எண்ணும் மனிதவளத் துறையினர் பெரிய சிக்கலில் மாட்டிக்கொள்வார்கள்.

அவர்கள் செய்ய வேண்டியது கடினமானதல்ல. ஒவ்வொருவர் சேர்ந்த தேதிக்கும் எதிரே 480ஆம் நாள் எப்போது வருகிறது என்று குறித்து, அந்த நாளில் நிரந்தர ஆணையைக் கொடுக்க வேண்டும். ஒப்பந்ததாரரின் வருகைப் பதிவேட்டையும் மாதந்தோறும் வாங்கிப் பார்க்க வேண்டும். அரசு 50 என்ற வரம்பை 20 ஆகக் குறைத்து, மகப்பேறு விடுப்புக்கான 12 வாரத்தை 26 ஆக்க வேண்டும். தொழிலாளி தன் சம்பளச் சீட்டு, பி.எஃப்., இ.எஸ்.ஐ. எண்களைப் பத்திரப்படுத்த வேண்டும். நீதிமன்றத்தில் அவர் நாள்களுக்குச் சாட்சி சொல்லப்போவது அவைதான்.