சஞ்சிகைச் சுட்டியின் தோற்றம்

ஆராய்ச்சி செய்யப் புகுவோர் முதலில் நாடுவது நூல்களையே. எனினும், புதிய கருத்துக்கள் பல நூல் வடிவம் பெறுமுன் சஞ்சிகைக் கட்டுரைகளாகவே வெளிவருகின்றன. நூலாகாமலே நின்றுவிடும் கட்டுரைகளும் மிகப்பல. நூல்நிலையப் பட்டியலோ பெரும்பாலும் சஞ்சிகையின் பெயரைக் கூறுமேயன்றி, அதனுள் அடங்கிய கட்டுரைகளைக் கூறாது. இக்குறையை நீக்க எழுந்ததே சஞ்சிகைச் சுட்டி.

பல சஞ்சிகைகளை ஒருங்கே தழுவிய சுட்டியின் வரலாற்றில் முதலிடம் பெறுபவர் ஒரு மாணவர். அமெரிக்காவின் யேல் கல்லூரியிற் பயின்ற வில்லியம் பிரெடெரிக் பூல், அங்கே மாணவர் சங்கமொன்றின் நூல்நிலையத்திற் பணிபுரிந்தார். கட்டுரைக்கும் விவாதத்திற்கும் மாணவர் பொருள் தேடி அலைய, அப்பொருளைக் கொண்ட சஞ்சிகைத் தொகுதிகள் பயனின்றிக் கிடந்தன. அவற்றிலுள்ள கட்டுரைகளைப் பூல் பொருள்வாரியாக அகரவரிசைப்படுத்தினார். அச்சுட்டி 1848ஆம் ஆண்டில் 154 பக்கங்களோடு அச்சேறியது. 1853இல் வந்த இரண்டாம் பதிப்பு 521 பக்கங்களாக விரிந்தது.

சஞ்சிகைகள் பெருகவே, அப்பணி தனியொருவர் ஆற்றலைக் கடந்ததாயிற்று. 1876இல் பிலதெல்பியாவிற் கூடிய நூலகர் மாநாட்டில் கூட்டுமுயற்சி ஒன்று வகுக்கப்பட்டது. ஒவ்வொரு நூல்நிலையமும் சில சஞ்சிகைகளைப் பொறுப்பேற்று, பொதுவிதிகளுக்கமையக் குறிப்பெடுத்து அனுப்பிற்று. அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலுமுள்ள ஏறக்குறைய 50 நூல்நிலையங்களின் உழைப்பால், 232 சஞ்சிகைகளின் 6,205 தொகுதிகளைத் தழுவிய மூன்றாம் பதிப்பு 1882இல் வெளிவந்தது.

அதனிடத்துக் குறைகளும் உள. ஆசிரியர் பெயரைக்கொண்டு அதில் தேட இயலாது. தொகுதியும் பக்கமும் உண்டு, ஆண்டு இல்லை. 1901இல் தொடங்கிய வில்சன் நிறுவனத்தின் 'வாசகர் வழிகாட்டி' இக்குறைகளை நீக்கியது. பெயரின்றி வெளிவந்த விக்டோரியா காலக் கட்டுரைகள் பலவற்றின் ஆசிரியர்களை, 1966 முதல் 1989 வரை வெளிவந்த வெலெஸ்லி சுட்டி இனங்காட்டியது. ஆகவே, ஆராய்வோர் ஒரு சுட்டியோடு அமையாது, பலவற்றை ஒப்புநோக்குதல் வேண்டும்.

இலங்கை பற்றி மேனாட்டு மொழிகளில் வெளிவந்த நூல்களையும் சஞ்சிகைக் கட்டுரைகளையும், பேராதனை நூலகர் எச். ஏ. ஐ. குணத்திலக்க 1970 முதல் 1983 வரை ஐந்து தொகுதிகளில் நிரற்படுத்தினார். தமிழ்க் கட்டுரைகள் அதன் எல்லைக்குப் புறம்பானவை. 1841இல் தோன்றிய உதயதாரகை, 1889இல் தோன்றிய இந்து சாதனம் முதலிய ஏடுகளின் தமிழ்ப் பக்கங்களில் யாழ்ப்பாணத்தின் கல்வி, சமய, சமூக வரலாறு செறிந்துள்ளது. சுட்டப்படாத ஏடு இருந்தும் இல்லாததற்கு ஒப்பாகும். அவ்வேடுகளின் பொருளை எடுத்துச் சுட்டும் பணிக்குப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. பொறுமையும் ஒழுங்கும் உடைய மாணவர் சிலர் போதும் என்பதற்குப் பூலின் முயற்சியே சான்று.